விலை போட வருபவருக்காக அடித்த பெயின்ட்

விவாகரத்துக்காக வீட்டுக்கு விலை போட ஆள் வருகிறார் என்றால், நீங்கள் பெயின்ட் அடிப்பீர்களா? புசல்லாவையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டு அண்ணன் அடித்திருக்கிறார். பக்கத்தில் பிரியப்போகும் மனைவி. வெளியே பனியில் தேயிலை மலை மிதந்துகொண்டிருந்தது.

“வீடு ஒங்களுக்கு, பாதி வெல எனக்குன்னுதானே பேச்சு? வெல கூடினா ஒங்களுக்குத்தானே நட்டம்?”

“வீட்டுக்கு ஆள் வாராங்கன்னா சும்மா இருக்க முடியுமா, புள்ள?”

“அவருக்குப் பலகாரம் வேற வச்சீங்களாம்.”

“கடையில வாங்குனதுதான்.”

பனி ஜன்னலுக்குள் வந்துபோனது.

“என்ன கலரு?”

“நீ கேட்டுக்கிட்டே இருந்த இளநீலம்.”

“உள்ரூமுக்கும் அடிச்சாச்சா?”

“இல்ல. பாதி டின் மிச்சம் இருக்கு. அடிக்கவா?”

பஸ் இப்போது கம்பளையில் நிற்கிறது. அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.