ஆறவைத்த தண்ணீர்

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள். எனக்கு உத்தியோகமே தண்ணீரைப் பழிப்பதுதான். நகரக் குடிநீர்ப் பிரிவில் பதினெட்டு வருடமாக மாதிரி எடுக்கிறேன். தெருக்குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும். குழாய் வாயை நெருப்பில் வாட்ட வேண்டும். கொதிநீரில் கழுவிய சீசாவில் பிடித்து மூட வேண்டும். கிருமி உண்டா இல்லையா என்று ஆய்வகத்து அம்மா பார்த்துச் சொல்வார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுத் தெருமுனைப் பலகையில் ஒட்டுவது என் வேலை.

வாக்குமூலத்தை என் கைப்படவே எழுதச் சொன்னீர்கள், ஐயா. நல்லதுதான். என் கையெழுத்தைப் பற்றித்தானே பேச்சு.

கடைசித் தெருவைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அங்கே எடுத்த மாதிரியில் கிருமி இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். மறுநாளே குழாயை மூடிவிட்டார்கள். ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. லாரி ஒரு வேளைதான் வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வாளியோடு மாடிப்படியில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டார். என்னைக் கண்டால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பத்தாம் நாள் குழாயைத் திறந்தார்கள். ஒரு கைப்பிடி மண்ணைக்கூட யாரும் தோண்டவில்லை.

"ஒம்போது நாள் சனங்களத் தவிக்க விட்டு என்னத்தயா கண்ட?" என்று மேலதிகாரி கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நல்லதுக்குக் காலமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்குப் பிறகு சட்டைப்பையில் கண் மருந்துச் சீசா ஒன்றை வைத்துக்கொண்டேன். உள்ளே பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். கடைசித் தெருவில் மாதிரி பிடித்ததும் அதிலிருந்து நாலு சொட்டு விடுவேன். சீசாவுக்குள் இருக்கும் கிருமி செத்துவிடும். குழாய்க்குள் இருந்ததை நான் தொடவில்லை. "ஒங்க கடைசித் தெருத் தண்ணி தங்கம்ங்க" என்று ஆய்வகத்து அம்மா சொல்வார். சாக்கடைக்குள் முங்கிக் கிடந்த குழாயில் விரிசல் இருப்பது எனக்குத் தெரியும். எழுதியிருந்தால் மறுபடியும் மூடியிருப்பார்கள். இதனால் எனக்கென்று ஒரு சுகமும் இல்லை. அந்தத் தெருவில் எல்லாரும் எனக்கு ஒன்றுதான்.

என் தங்கை அந்தத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். முப்பத்திரண்டு வயதிலும் எனக்கு அவள் பாப்பாதான். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து இந்த வருடம் உண்டானாள். அந்தச் சேதியைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, ஒரு கேன் நிறைய அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று மாடி. எனக்கு முதுகுவலி உண்டு.

"எங்க தெருத் தண்ணி என்னண்ணே பாவம் பண்ணுச்சு?" என்று கேலி செய்வாள்.

"வாயும் வயிறுமா இருக்கறவ இதத்தான் குடிக்கணும். பேசாம குடி."

"சரிங்க ஆபீசர்" என்று கேனை வாங்கிக்கொள்வாள்.

ஐந்து மாதம் சுமந்தேன். ஒரு நாள் தவறவில்லை. பிறகு அந்தத் தெருவில் மஞ்சள்காமாலை வந்தது. முதலில் தபால்காரர் போனார். அப்புறம் இஸ்திரிக்காரர், கார் ஓட்டுநரின் மனைவி, ஒன்றாம் வகுப்புப் படித்த அவர்கள் மகள். நான் பதறவில்லை. பாப்பாவுக்குத்தான் கேன் போகிறதே என்று இருந்தேன்.

ஒரு காலையில் அவள் கதவைத் திறந்தபோது கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

கர்ப்பிணிகளை இந்தக் காமாலை விட்டுவைக்காது என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் நினைவு தப்பியது. ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. உங்கள் தாளில் ஐந்து சாவு என்று போட்டிருக்கிறீர்கள். ஆறு என்று திருத்துங்கள். வயிற்றில் ஏழு மாதம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தத் தண்ணிய அவ குடிக்கவே இல்ல மச்சான். அண்ணன் முதுகுவலியோட சொமந்துட்டு வருது, வேணாம்னா மனசு கஷ்டப்படும்னு வாங்கி வெச்சுக்குவா. நீங்க எறங்கிப் போனதும் தொட்டிச் செடிக்கு ஊத்திடுவா. நல்ல தண்ணின்னு எங்கண்ணனே கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கு, அதுக்கு மேல யாரு சொல்லணும்னு கேப்பா."

அவர்கள் வீட்டு பால்கனியைப் போய்ப் பாருங்கள், ஐயா. செடியெல்லாம் செழித்து நிற்கிறது. நான் அதைத் தினமும் பார்த்தேன். கைராசிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நாலு சொட்டு விட்டது நான்தான். விரிசலை மறைத்ததும் நான்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் என்னைக் கொலைகாரன் என்று எழுதும்போது ஒன்றை யோசியுங்கள். பாப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, நான் பொய் சொன்னால் என் காது சிவப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். இந்த ஒரு பொய்யை மட்டும் ஏன் நம்பினாள் என்று தெரியவில்லை. பாப்பா அந்தக் கேன் தண்ணீரைக் குடித்திருந்தால், என்னால் ஒருவருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது.