வாத்தியார் பக்கத்து இலை

அலோ... அலோ... ஆங், உத்திரமேரூரு ரைஸ் மில்லு தான்... நான் தான் சார், இருசப்பன். காலனி வாலிபர் சங்கத்து இருசப்பன்... கும்புடறேன் செகரட்டரி சார். காஞ்சிபுரத்துலேருந்து ட்ரங்க் காலுன்னு கணக்குப்புள்ள கூவனாரு, மூட்டைய அப்டியே போட்டுட்டு ஓடியாந்தேன்... ஆமா... ஆமா ஆமா... கொஞ்சம் கத்திப் பேசுங்க, இங்க மிசினு ஓடிக்கினு கீது.

நோட்டீசா? வந்துச்சி சார். எழுத்துக் கூட்டி ரெண்டு தபா படிச்சேன். "முற்போக்குத் தலைவர்கள், தொண்டுச் சங்கங்கள் பாராட்டு விழாவும் சமபந்தி விருந்தும்." அடியில செயலாளர் கிருஷ்ணசாமின்னு உங்க பேரு பெருசா கீது... மந்திரி வராரு, தெரியும்... சந்தைமேட்டுல பந்தக்கால் நட்டுட்டாங்க, பாத்துட்டுத் தான் வேலைக்கு வந்தேன்... சந்தோசமாவா?... சந்தோசம் தான் சார்... இல்ல சார், கொரலு ஒண்ணும் மாறல... தொண்ட கட்டிக்கினு கீது, தவுட்டுத் தூசி...

சரி, இவ்ளோ தூரம் கேக்கறீங்க, சொல்லிடறேன். வயிறு எரியுது சார்... ஆமா, வயிறு தான். பத்திக்கினு எரியுது. நோட்டீஸ் வந்த நாள்லேருந்து சோறு எறங்கல.

வீரராகவன் வாத்தியாருக்குப் பொன்னாட. வெள்ளிக் கேடயம். "சமத்துவச் செம்மல்"னு பட்டம்... குடுங்க, வேணாங்கல... நல்லவரு தான், யாரு இல்லன்னது? பெருமாள் கோயில் தெருவுல பொறந்துட்டு, அந்தக் காலத்துலயே எங்க ஆளுங்களோட ஒரே பந்தியில குந்தி சாப்ட்ட மனுசன். ஊரே வாயப் பொளந்துச்சி. எல்லாம் சரி. தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். அவரு குந்தனாரே, யாரு பக்கத்துல சார் குந்தனாரு?...

சொல்லுங்க... சத்தமா சொல்லுங்க... ஆங்! என் பக்கத்துல! இந்த இருசப்பன் பக்கத்துல!

அன்னிக்கு நீங்க அங்க இல்ல சார். நான் இருந்தேன். எலையில சோறு போட்டுட்டாங்க, சாம்பார் ஊத்திட்டாங்க. அவரு எலையப் பாக்கறாரு, நான் அவரப் பாக்கறேன். சுத்தி நிக்கற ஜனம் மூச்சு வுடல. மொத வாய் யாரு வெச்சது?... அவரு இல்ல சார். நான். நான் வெச்சதப் பாத்துட்டுத் தான் அவரு வெச்சாரு. அதுக்கெல்லாம் கேடயம் கெடையாதா?

அவரு சாப்ட்டதுக்கு சொந்தக்காரங்க கொஞ்ச நாளு மூஞ்சி குடுத்துப் பேசலயாம். பாவம் தான். நான் சாப்ட்டதுக்கு என்னிய நடவுக்கும் யாரும் கூப்புடல, அறுப்புக்கும் யாரும் கூப்புடல. எம் பொண்டாட்டி அம்முலு கைப்புள்ளயத் தூக்கிக்கினு செங்கல் சூளைக்குப் போனா. அவருக்குக் கேடயம், எனுக்கு வருசா வருசம் அவரு பக்கத்துல ஒரு எலை... இல்ல, ஏன் கேக்கறேன்னா, இந்தத் தோள்ல மூட்ட ஏறுது, பொன்னாட மட்டும் ஏறாதான்னு தான்...

அட, ஆளுக்குத் தான் வேணாம், சங்கத்துக்காவது? பழையசீவரம் மாதர் சங்கத்துக்கு ஒரு கேடயம். சரி, ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்தறாங்க, மங்கம்மா தலைவி, பேசத் தெரிஞ்ச பொம்பள, குடுங்க. ஆனா தாமல் வாலிபர் சங்கம்! இன்னா சார் கிழிச்சானுங்க? ஏரிக்கரையில ஒரு கொட்டாய், கொட்டாயில ஒரு கேரம் போர்டு. அதுலயும் ஒரு காயக் காணம், காலணாவ வெச்சி ஆடறானுங்க. நாங்க காலனியில கெணறு வெட்டினோம், பாம்பு வர்ற பாதைக்கு மண்ணு அடிச்சோம்... சிரிக்காதீங்க. சிரிக்கறது கேக்குது.

...ஆமா... சரி... சொல்லுங்க, எதுக்குக் கூப்ட்டீங்க?... பந்திக்கு ஆளா?... அம்பது பேரு... எப்பவும் நான் தான கூட்டியாறேன், இப்பவும் கூட்டியாறேன். ஆனா ஒண்ணு சார். இந்தத் தபா நான் வாத்தியாரு பக்கத்துல குந்த மாட்டேன். இல்ல, மாட்டேன்னா மாட்டேன். மானம்னு ஒண்ணு கீது இல்ல? வேற ஆளப் பாத்துக்கோங்க, சொல்லிட்டேன்...

இன்னா?

பாத்துட்டீங்களா?... யாரு?... யாரு சார்?... தாண்டவராயனா? எந்தத் தாண்டவராயன்? பாலாத்துல மணலு அள்ளறானே, அந்தத் தாண்டவராயனா?...

இல்ல சார்... நான் குந்த மாட்டேன்னது ஒரு பேச்சுக்கு... ஒரு பேச்சுக்கு சார்! ஒடனே ஆள மாத்திடுவீங்களா?... முன்னாடியே மாத்திட்டீங்களா... எனுக்கு ஒரு வார்த்த சொல்லல...

அவனுக்கு இன்னா சார் தெரியும்? வாத்தியாருக்குப் பூசணிக்கா ஆவாது, தெரியுமா அவனுக்கு? கூட்டு வாளி வந்தாலே நான் தான் கைய நீட்டித் தடுப்பேன். பாயசம் அர கரண்டி தான், ஒடம்புல சக்கர. முட்டி சரியா மடங்காது, எந்திரிக்கறப்ப எந்தோளப் புடிச்சிக்கினு தான் எந்திரிப்பாரு. தாண்டவராயன் எலையப் பாத்தா தலைய நிமித்துவானா? ரசம் முழங்கை வரைக்கும் ஓடும், நக்கிக்கினு குந்திருப்பான். அவன் பக்கத்துலயா எங்க வாத்தியாரு?... எங்க வாத்தியாரு தான் சார். அப்டித் தான் சொல்லுவேன்.

அவருக்குத் தெரியுமா இது?... தெரியுமா?... இன்னா சொன்னாரு?... "உங்க இஷ்டம்"னாரா... வேற ஒண்ணும் சொல்லலையா?... எம் பேரக் கூட...

ம்... இல்ல, கேக்குது... லைன்ல தான் கீறேன். மிசினு சத்தம்... ஒண்ணுமில்ல சார்.

இரும்மா, ஆபரேட்டரம்மா, வெட்டாதீங்க! மூணு நிமிசம் ஆனா ஆவட்டும், இன்னொரு மூணு போடுங்க... சார் தான் கூப்ட்டாரு, அவரு பாத்துக்குவாரு... சார், கீறீங்களா? நான் இன்னா தப்பு பண்ணேன், அத்த மட்டும் சொல்லுங்க. குடிச்சிட்டு வந்தனா? அதிகப்பிரசங்கம் பேசினனா?...

போட்டோவா?... ஆமா, போன வருசம் பேப்பர்ல வந்துச்சி. வெட்டி, கண்ணாடி போட்டு, வூட்டு நடுவுல மாட்டிகீறேன்... அதுல இன்னா சார் கொற? நானும் அவரும் பக்கத்துல பக்கத்துல, ரெண்டு பேரும் வெள்ளச் சட்ட... ஆமா, டெர்லின் துணி. பொங்கலுக்குத் தெச்சது... அதுக்கு?... யாரு கேட்டாங்க? மெட்ராஸ் பெரிய மனுசங்களா... "இதுல காலனிக்காரன் எவன்"னா?...

யாரு எவன்னு தெரியலயா...

ஏன் சார், தெரியாம போவணும்னு தான சமபந்தியே வெச்சீங்க?... இல்ல, கிண்டல் இல்ல, சத்தியமாக் கேக்கறேன்...

புரியுது... புரியுது சார். தாண்டவராயன் சட்ட போட மாட்டான். வெறும் ஒடம்பு, தோள்ல ஒரு கந்தல் துண்டு. பாத்தவொடனே தெரியும். மந்திரி பக்கத்துலேருந்து பாத்தாலும் தெரியும், பேப்பர்ல பாத்தாலும் தெரியும். அதான?... நல்லா புரியுது.

இன்னா?... நானும் அப்டி வந்தா அந்த எடம் எனுக்கா?... சட்ட இல்லாம... தாண்டவராயன வாணாம்னு சொல்லிடுவீங்களா?... நெஜமாவா?...

வாத்தியாரு சட்டையக் கழட்டுவாரா சார்?... அவரு ஏன் கழட்டணும்னு கேக்கறீங்களா... சும்மா கேட்டேன்.

...இருங்க, யோசிக்கறேன்... கேவலம் தான், எனுக்கே தெரியுது. யோசிக்கவே கூடாது. ஆனா அந்தத் தாண்டவராயன் அந்த எலையில கைய வெக்கறத நெனச்சா, சட்டைய இன்னா, தோலயே உரிச்சிப் போட்டுட்டு வந்து குந்திடலாம்னு தோணுது. அப்டி எரியுது சார்...

...மாட்டேன். கழட்ட மாட்டேன் சார். பேப்பர்ல பாத்துட்டு எம் பொண்ணு நம்ம நைனா தான்னு சொல்லுச்சி. அது தேடிப் பாக்கல. ஒடனே சொல்லுச்சி.

போன வெக்காதீங்க சார்! அம்பது ஆளு கேட்டீங்க இல்ல? கூட்டியாறேன். சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஆனா எங்க காலனியில வூட்டுக்கு வூடு ட்ரங்குப் பொட்டியில ஒரு கலியாணச் சட்ட கீது. பாச்சா உருண்ட வாசன அடிக்கும், அடிக்கட்டும். அம்பது பேரும் அத்தப் போட்டுக்கினு தான் பந்தியில குந்துவோம்... எதுக்கு சார் மெரட்டறேன்? மந்திரி வராரு, மரியாதையா வர வேணாமா?... தாண்டவராயனுக்கா? எம் பளய சட்ட ஒண்ணு கீது, நானே மாட்டி வுட்டு, பித்தானும் போட்டு வுடறேன். எவன் எவன்னு போட்டோகாரரு தேடிக்கினு கெடக்கட்டும். மெட்ராஸ்காரங்களும் தேடட்டும்.

கத்தாதீங்க சார்... கத்தாதீங்க... வேற காலனியிலேருந்து ஆளு கொண்டாருவீங்களா? கொண்டாங்க. அவனுங்க பொட்டியிலயும் சட்ட கீது, நான் போயி சொல்லிட்டு வரேன்...

அம்மா, ஆபரேட்டரம்மா, இருங்கம்மா, ஒரே ஒரு வார்த்த... சார், கேளுங்க. சட்ட போட்டாலும் தாண்டவராயன் அந்தக் கடைசியில குந்தட்டும். கண்ணுல படாத எடத்துல. வாத்தியாரு பக்கத்து எலை மட்டும்... அது எனுக்கு சார். எனுக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வைங்க... சார்?... அலோ?... அலோ!...