பிறை உடைந்த கரடி

தொமோயோ: ...சரி, எல்லாரும் அணில் செஞ்சாங்க, நரி செஞ்சாங்க. நீ மட்டும் ஏன் கரடி செஞ்ச?

இரோஹா: இலையுதிர்கால மிருகம்னுதானே சொன்னீங்க, தொமோயோ டீச்சர்? கரடியும் இப்பதான் நெறைய வருது.

தொமோயோ: அதுவும் சரிதான். ஒடம்பு எதுல செஞ்ச?

இரோஹா: எங்க வீட்டு அரிசிப் பையில. முப்பது கிலோ காகிதப் பை. கசக்கி, உள்ள பழைய பேப்பர் திணிச்சு... ஐயோ, தொடாதீங்க! பசை காயல.

தொமோயோ: தொடல, தொடல. மூக்கு?

இரோஹா: சோயா சாஸ் பாட்டில் மூடி. கழுவிட்டேன். மோந்து பாருங்க.

தொமோயோ: கழுவுன மாதிரி தெரியலையே.

இரோஹா: கரடி மூக்குன்னா வாசனை இருக்கும்ல.

தொமோயோ: இருக்கட்டும். நெஞ்சுல பால் அட்டைய ஒட்டியிருக்கியே... நம்ம ஊர்க் கரடிக்கு நெஞ்சுல வெள்ளைப் பிறை முழுசால்ல இருக்கும்? உன்னோடது நடுவுல உடைஞ்சிருக்கு.

இரோஹா: உடையல. அப்படித்தான் வெட்டுனேன்.

தொமோயோ: அதான், ஏன்?

இரோஹா: அப்படித்தான் இருந்... அட்டை பத்தல.

தொமோயோ: மேசை மேல பத்து அட்டை கெடக்கே?

இரோஹா: அதுல ஸ்ட்ராபெரி பால் வாசனை அடிக்குது.

தொமோயோ: ம்ம்... பின்னங்கால் ஒண்ணு குட்டையா இருக்கு. டாய்லெட் பேப்பர் உருளையும் பத்தலையா?

இரோஹா: நீங்க ஏன் என் கரடிய மட்டும் இவ்ளோ கேக்குறீங்க? ஹருமாவோட நரிக்கு வாலே இல்ல. அத யாரும் கேக்கல. நேத்துலேர்ந்து எங்கள வெளிய வெளையாடவும் விடல. மழை வரும்னீங்க... வெயில்தான் அடிச்சுது.

தொமோயோ: பேச்ச மாத்தாத. நொண்டுமா இது?

இரோஹா: கொஞ்சமாதான். குட்டி முன்னால ஓடிரும், இது நின்னு நின்னு...

தொமோயோ: குட்டியா? குட்டி எங்க, இரோஹா?

இரோஹா: என் பாக்கெட்டுல. முட்டை அட்டையில ஒரே ஒரு குழிய வெட்டிச் செஞ்சேன். இந்தாங்க... நசுக்கிராதீங்க.

தொமோயோ: அட, காதெல்லாம் இருக்கே! இதுகள எங்க பாத்த?

இரோஹா: கனவுல.

தொமோயோ: கனவு எத்தன மணிக்கு வந்துச்சு?

இரோஹா: காலைல, பல் தேய்க்கும்போ... டீச்சர்! ஏமாத்துறீங்க!

தொமோயோ: யார்கிட்டயாவது சொன்னியா?

இரோஹா: சொல்லல. சொல்லவும் மாட்டேன். சொன்னா ஊர் ஒலிபெருக்கில சொல்லிருவாங்க. அப்புறம் வேட்டைச் சங்கத்து ஆரஞ்சு சட்டை மாமாங்க துப்பாக்கியோட வருவாங்க. குட்டின்னு பாக்க மாட்டாங்க.

தொமோயோ: உங்கப்பாவும் ஆரஞ்சு சட்டை போடுறவர்தானே?

இரோஹா: ...வண்டிச் சத்தம்! அப்பா வந்துட்டாரு!

ஷிகெரு: மன்னிச்சுக்குங்க டீச்சர், லேட்டாயிடுச்சு. எல்லாப் பிள்ளைங்களும் போயாச்சா? அடேங்கப்பா, என்னம்மா இது... பூனையா?

இரோஹா: அப்பா!

தொமோயோ: கரடி. நெஞ்ச பாருங்க, இரோஹா அப்பா.

ஷிகெரு: ...இரோஹா, போய் ஷூ மாட்டு.

இரோஹா: நான் ஒண்ணும் சொல்லலப்பா! செஞ்சேன், அவ்ளோதான்!

தொமோயோ: அப்ப ரெண்டு பேருக்குமே தெரியும்.

ஷிகெரு: என்ன தெரியும்? கொழந்தை ஏதோ வெளையாட்டா...

தொமோயோ: வேட்டைச் சங்கம் தேடிப் பாத்துச்சு, பாதத் தடம்கூட இல்லன்னு ஒலிபெருக்கில சொன்னாங்க. உங்க வீட்டுப் பக்கம் தேடுனது நீங்கதானே?

ஷிகெரு: ...ஆமா.

தொமோயோ: எங்க பாத்தீங்க?

ஷிகெரு: எங்க கொல்லைல, காகிப் பழ மரத்துல. செவ்வாக்கெழமை காலைல. போன் எடுத்து நகராட்சி நம்பரே போட்டுட்டேன் டீச்சர். இவ வாய் நிறைய நுரையோட பக்கத்துல வந்து நின்னா. குட்டிக்கு மரம் ஏற வரல... தாய் கீழருந்து தலையால முட்டி ஏத்திவிடுது. நான் போன கீழ வச்சுட்டேன்.

தொமோயோ: அந்த வழியாதான் பிள்ளைங்க நடந்து வருது.

ஷிகெரு: தெரியும். அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.

இரோஹா: நாங்க பழத்தையெல்லாம் பறிச்சுட்டோம் டீச்சர்! ஒண்ணுகூட விடல! தோலுரிச்சு, காயறதுக்கு வீடு பூரா கயித்துல தொங்கவிட்டிருக்கோம். அப்பா தலைல இடிச்சுக்கிட்டே நடக்குறாரு.

ஷிகெரு: பழம் இல்லன்னா வராது. மூணு நாளா வரவும் இல்ல. மலைக்குப் போயிருக்கும்.

தொமோயோ: போகல.

ஷிகெரு: ...என்ன சொல்றீங்க?

இரோஹா: டீச்சர்?

தொமோயோ: பழம் பறிச்ச ஏணி வண்டிலதானே இருக்கு? எறக்குங்க. இரோஹா, நீ உள்ளயே நின்னு பைல கட்டியிருக்குற கரடி விரட்டுற மணிய ஆட்டிக்கிட்டே இரு. வெளிச்சம் இருக்கும்போதே நம்ம மணல் தொட்டிக்குப் பின்னால இருக்குற காகி மரத்தையும் பழமில்லாம மொட்டையாக்கிட்டு, நகராட்சிக்கு நானே போன் பண்ணுறேன்... நேத்து காலைல பள்ளிக் கதவத் தொறக்க வந்தப்பவே பண்ணியிருக்கணும். தாயும் குட்டியும் அந்த மரத்தடிலதான் நின்னுச்சு. நானும் கைல போனோட பாத்துக்கிட்டே நின்னுட்டேன்.