பின்வரிசைக் கூண்டுகள்

பதினோரு வருடமாக நான் ஒரே சோப்பைத்தான் போடுகிறேன். என் வாசனை மாறினால் எலிகள் மிரளும். மிரண்டால் அன்றைய அளவீடு வீண். நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இது இல்லை. ஆனால் நான் எப்படி வேலை செய்கிறவன் என்று தெரிந்தால் மற்றது சுலபமாகப் புரியும்.

ஆய்வகத்தின் தலைவர் என் தங்கையின் கணவர். வேலை நேரத்திலும் எனக்கு அவர் மாப்பிள்ளைதான், அவருக்கு நான் மச்சான்தான். அவர் ஆராய்ந்தது சர்ட்டுயின் என்ற என்சைம்களை. செல்லுக்குள் பழுது பார்க்கிறவை அவை. அறுந்த மரபணு இழையை ஒட்டவைக்கும், பேசக்கூடாத மரபணுவின் வாயை அடைக்கும். வயது ஏற ஏற அவற்றின் எரிபொருள் குறைந்து அவையும் சோர்ந்துபோகும். வயிறு காய்ந்தால் விழித்துக்கொள்ளும். பட்டினி இல்லாமலே அவற்றை எழுப்ப மாப்பிள்ளை ஒரு பொடி தயாரித்தார். அதைத் தின்ற கிழட்டு எலிகள் சக்கரத்தில் ஓடின. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏற்கெனவே கட்டி உள்ள எலியை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. கழுத்திலும் கக்கத்திலும் தடவிப் பார்த்து விலக்குவது என் வேலை. விலக்கியதைக் கொன்றுவிட வேண்டும். நான் இருபதைக் கொல்லாமல் பின்வரிசைக் கூண்டுகளில் வைத்து, பாதிக்கு அந்தப் பொடியைக் கொடுத்தேன். அவற்றின் கட்டிகள் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தன. சர்ட்டுயினுக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பேதம் இல்லை போலிருக்கிறது. செத்திருக்க வேண்டிய செல்லையும் செப்பனிட்டு வாழவைத்துவிட்டது. மூன்று முறை திரும்பச் செய்து பார்த்து நோட்டில் எழுதினேன். அவருடைய கட்டுரை வெளியாகும் அன்று அந்த நோட்டை அவர் கையில் கொடுக்க நினைத்திருந்தேன்.

"உங்க பேர் இல்லாமலா மச்சான்?" என்று என் தங்கை முன்னால் சொன்னவர் அவர். கட்டுரையில் என் பெயர் இல்லை. கடைசியில் 'விலங்குப் பராமரிப்பில் உதவியவர்களுக்கு' என்று ஒரு வரி இருந்தது. கேட்டதற்குச் சிரித்தார்.

"எலிக்குத் தண்ணி வச்சவங்க பேரையெல்லாம் போட்டா பக்கம் பத்தாது மச்சான்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

அப்போது அவரே தினமும் காலையில் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்க ஆரம்பித்திருந்தார். நிறுத்துக் கொடுப்பது நான். வேறு யார் கையையும் அவர் நம்ப மாட்டார். ஒருநாள் சட்டைக் காலரை விலக்கினார்.

"இங்க பாருங்க மச்சான், கழலை மாதிரி ஏதோ இருக்கு. உங்க கைக்குத் தெரியாததா?"

தொட்டேன். கெட்டியாக, அசையாமல் இருந்தது. என் கைக்குத் தெரிந்தது.

"வெறும் கொழுப்புக் கட்டி மாப்பிள்ளை. விடுங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து அரை கிராமை ஒரு கிராமாக்கினேன். அந்த அளவை நாங்கள் எலிகளிடம் சோதித்ததில்லை.

நாலு மாதம் கழித்துத் தங்கை வந்தாள். "அண்ணே, அவர் சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்குது. டாக்டர்கிட்ட போலாம்னா, உங்கண்ணனே பாத்துட்டாரு, ஒண்ணுமில்லைங்கறாரு."

"உடம்பு இளைச்சாதாம்மா அந்த என்சைம் நல்லா வேலை செய்யும். நல்ல அறிகுறிதான்" என்றேன். நிம்மதியாகத் திரும்பிப் போனாள். அவளுக்கு அந்த நிம்மதியையாவது என்னால் கொடுக்க முடிந்தது.

அவர் மருத்துவமனைக்குப் போனபோது அங்கே செய்ய எதுவும் மிச்சமில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு நோட்டைக் கண்டெடுத்தவள் தங்கைதான். கடைசிப் பக்கங்களில் எலி எண் இருக்காது. மாப்பிள்ளையின் எடை, கட்டியின் குறுக்களவு, பொடியின் அளவு, வாரம் தவறாமல். அளவெடுக்க அவரே கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முடிவுகளைப் போன வாரமே கட்டுரையாக்கி அனுப்பிவிட்டேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் என் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் பெயரையும் போட்டிருக்கிறேன். அடுத்தவன் பங்கை மறைக்கிற ஆள் இல்லை நான்.