ரூபாவுக்குச் சொன்ன ரெட்டை வாசல்

இல்ல சார், நான் வுடமாட்டேன். சாமி தரிசனத்துக்குக் கேட்டு தொறக்க இன்னும் மூணு மணி நேரம் ஆவும்னு சொல்லிட்டாங்க, இந்தக் கியூ கம்பார்ட்மெண்ட்ட வுட்டு நீங்களும் எங்கயும் எழுந்து போவ முடியாது. பாலு குடுத்தாங்களே, அந்த லைன்ல உங்க சம்சாரம் தான் சொன்னாங்க, எங்க வூட்டுக்காரரு தான் ரெட்டை வாசல் சீரியலுக்குக் கத எழுதறாருன்னு. பெருமையா தான் சொன்னாங்க. பாவம், எனக்கு உள்ள இருக்கற கோவம் அவங்களுக்கு எப்டி தெரியும்?

என் பேரு தாட்சாயணி சார். புத்தூரு பக்கத்துல கிராமம். ஆமா, தமிழ்க்காரங்க தான், ரேஷன் கார்டு மட்டும் தெலுங்குல இருக்கும். மாங்கா சீசன்ல சித்தூரு பக்கம் ஜூஸ் பேக்டரி வேல, மத்த நாள்ல கழனி வேல. எந்த வேலையா இருந்தாலும் எட்டரை மணிக்கு டிவி முன்னாடி ஒக்காந்துடுவேன். நாலு வருசமா ஒரு நாள் தவறல.

மொதல்ல எம்மாம் நல்லா இருந்துச்சு சார் அது. வாசுகியோட மாமியாக்காரி அரிசி டின்னுக்குப் பூட்டு போட்டுட்டு கல்யாணத்துக்குப் போயிடுவா. வாசுகி அழவே மாட்டா. பக்கத்து வூட்ல ஒரு படி அரிசி வாங்கியாந்து ஒல வெச்சு, மாமியாக்காரி திரும்பி வந்ததும் மொத சோறு அவளுக்குத் தான் போடுவா. அன்னிக்கி எங்க தெருவுல பாதிப் பேரு துன்னல சார். அது நீங்க எழுதினது தானே? அதான. அத எழுதின கை தானே இது?

அப்புறம் இன்னா ஆச்சு உங்களுக்கு? நல்லா இருந்த வாசுகிய ரயில்லேர்ந்து தள்ளி வுட்டீங்க. நாப்பது நாளு ஆஸ்பத்திரி கட்டில்ல கண்ண மூடிக்கினு கெடந்தா. கண்ணு தொறந்தா வேற பொண்ணு! இவருக்குப் பதில் இவருன்னு கீழ ஒரு வரி, அவ்ளோ தான். மாமனாரு செத்து, நெருப்பு வெச்சு, பதினாறாம் நாளு காரியம் வரைக்கும் காட்டினீங்க. போன வருசம் அவரு தாடி வெச்சுக்கினு வாசல்ல வந்து நிக்கறாரு. போனு அடிச்சுக்கினு இருக்கும், திங்கக்கெழம அடிச்ச போன வாசுகி புதங்கெழம எடுப்பா. நடுவுல எல்லார் மூஞ்சியும் மூணு மூணு தபா காட்டுவீங்க, டமார் டமார்னு.

சேனல்காரங்க சொல்றாங்களா? ரேட்டிங்கா? ஒரு நாளைக்கு மூணு எபிசோடு எழுதித் தரணுமா? சரி, கஷ்டம் தான். எங்க பேக்டரிலயும் லாரி வந்து நின்னா நிக்க நேரம் இருக்காது. அதுக்காக அழுகினத சேத்துப் போட்டுடுவோமா சார்?

கோச்சுக்காதீங்க. எனக்கு மட்டுமா இருந்தா நானும் டிவிய அணைச்சுட்டுப் போயிட்டு இருப்பேன். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, ரூபா. குவைத்துல வூட்டு வேல. அவ பொண்ணு தரணி மூணு வயசா இருக்கறப்ப போனா, பொண்ண நான் தான் வளத்தேன். நடுவுல ஒரு தபா ரெண்டு மாசம் லீவுல வந்தா. அப்ப தான் உங்க சீரியல் ஆரம்பிச்சுது. நாங்க ரெண்டு பேரும் ஒரே பாயில ஒக்காந்து பாத்தோம். திரும்பிப் போறப்ப ஏர்போர்ட்டுல அழுதுக்கினே சொல்றா, அக்கா, வாசுகிக்கு இன்னா ஆவுதுன்னு வாரா வாரம் சொல்லிடுன்னு.

அந்த வூட்ல டிவி இருக்குது, ஆனா எல்லாம் அரபி. அவ ஒக்காந்து பாக்கவும் முடியாது. வெள்ளிக்கெழம தோறும் கார்டு போட்டு போன் பண்ணுவா, பத்து நிமிசம். அதுல வூட்டு வெசயம் பேசினா இவளும் அழுவா, நானும் அழுவேன், பத்து நிமிசமும் அழுகையிலயே போயிடும். வாசுகியப் பத்திப் பேசினா ரெண்டு பேரும் சிரிப்போம், மாமியாரத் திட்டுவோம். தரணி நல்லாருக்கா, எங்க நைனாவுக்கு இருமலு நின்னுடுச்சு, இதெல்லாம் கடைசி ஒரு நிமிசத்துல தான்.

நீங்க தான் வாசுகிய ரயில்லேர்ந்து தள்ளிட்டீங்களே, நான் இன்னா சொல்றது? மொத வாரம் மயக்கமா இருக்கான்னேன். ரெண்டாவது வாரமும் மயக்கமா இருக்கான்னேன். மூணாவது வாரம் ரூபா கேக்கறா, அங்க அவ வேல செஞ்சு இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறா, ஏங்க்கா, இன்னும் ஏந்திரிக்கலியான்னு. எனக்கு வெக்கமாப் போச்சு. எழுந்துட்டாடி, மாமியார் வூட்ட வுட்டுட்டுத் திருப்பதி வந்து டிபன் கட வெச்சுட்டான்னு சொல்லிட்டேன்.

சிரிக்காதீங்க. நிஜங்கா சார், அன்னிலேர்ந்து ரெண்டு வருசம் வாசுகி கதைய நான் தான் நடத்தினேன். வியாழக்கெழம ஆனா கழனியில கள எடுத்துக்கினே யோசிப்பேன். கடைய மூடச் சொல்லி முனிசிபாலிட்டிக்காரன் வந்தான், அவனுக்கு வாசுகி எப்டி பதில் சொன்னா, தோசக்கல்லு ஒடஞ்சப்ப எதுல ஊத்தினா. ரூபா அங்க கூட வேல செய்யற பொம்பளைங்களுக்கும் சொல்லுவாளாம். ஒரு கேரளாப் பொண்ணு வாசுகிக்காக வேண்டிக்கினு இருந்தாளாம்.

அப்புறம் தான் ஒண்ணு ஆச்சு. மூணு மாசம் முன்னாடி தரணிக்குக் கண்ணாடி மாத்தணும்னு திருப்பதி போனேன். ரூபா வூட்டுக்காரரு சம்பத் அங்க ஒரு லாட்ஜுல மேனேஜரு. மாசத்துக்கு ஒரு தபா வந்து பொண்ணப் பாத்துட்டுப் போவாரு, பேச்சு எல்லாம் தன்மையா தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டு பின்னாடி தெருவுல போய்க்கினு இருக்கறோம், ஒரு மாடியில புலி படம் போட்ட கம்பளி காயுது. ரூபா அனுப்பின கம்பளி சார். ஓரத்துல கிழிஞ்ச எடத்துல பச்ச நூலு போட்டு நான் தான் தெச்சேன். சம்பத்து அத எடுத்து, முனைய தாடையில இடுக்கிக்கினு மடிச்சு ஒரு பொம்பள கையில குடுக்கறாரு. அவ அத இடுப்புல இருந்த கொழந்த மேல போத்தறா. தரணி கண்ணுல மருந்து வுட்டிருந்தாங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியல. நான் அவ கையப் புடிச்சு இழுத்துக்கினு வந்துட்டேன்.

அத எப்டி சார் போன்ல சொல்றது? ரெண்டாயிரம் மைலு தாண்டி, யாரோ வூட்டு சமையல்கட்டுல நின்னுக்கினு கேப்பா. வுழுந்தா தூக்கறதுக்கு ஆளு கெடையாது. சொல்லாம இருக்கவும் முடியல. அதனால அந்த வெள்ளிக்கெழம வாசுகிய துபாய்க்கு அனுப்பிட்டேன். அடுத்த வாரம் அவ புருசன் பிரபாகரு வேற ஒரு வூட்டுக்குப் போவ ஆரம்பிச்சான்னேன். கம்பளியச் சொன்னேன், மாடியச் சொன்னேன். கொழந்தைய மட்டும் நாலாவது வாரம் தான் சொன்னேன்.

அவளா? அவ கத கேக்கற மாதிரியே கேட்டா. அந்தப் பொம்பளைக்கு இவன் கல்யாணம் ஆனவன்னு தெரியுமான்னு ஒரு வாரம் கேட்டா. வாசுகியோட பொண்ணு எங்க இருக்கா, நல்லா படிக்கறாளான்னு ஒரு வாரம். எட்டாவது வாரம், வாசுகி இன்னா பண்ணுவா அக்கான்னு அவளே கேட்டா. எனக்குத் தெரியல, இன்னும் காட்டலன்னேன். சரி, வந்து பாத்துக்கறேன்னு வெச்சுட்டா.

வந்துட்டா சார், பத்து நாளு ஆவுது. அதோ, உங்க சம்சாரத்துகிட்ட உப்புமா துன்னுக்கினு பேசறாளே, அரக்குப் பொடவ, அவ தான். வந்த அன்னிக்கே நான் பக்கத்துல ஒக்காந்து, கதையில்ல அது, உன் வூட்டுக் கத தான்னு சொல்லிடணும்னு இருந்தேன். வாயே வரல. மறுநாளு சம்பத்தே ஸ்வீட் டப்பாவோட வந்துட்டாரு, கூட்டிக்கினு போறதுக்கு.

ரூபா கத்தல. ஒக்கார வெச்சா. டீ போட்டுக் குடுத்தா. தரணிய இங்கயே புத்தூரு இஸ்கூல்ல சேக்கறதுக்கு ஒரு அப்ளிகேசன் பாரம், அதுல அப்பா கையெழுத்து போடற எடம் இருந்துச்சு. அத நீட்டினா. அவரு போட்டாரு. எப்ப கெளம்பலாம்னு கேட்டாரு. நீங்க கெளம்புங்க, கொழந்த தேடுமேன்னா. அந்தே சார், அவ்ளோ தான். அவரு மூஞ்சி சுண்டிப் போச்சு. டீய பாதியில வெச்சுட்டுச் செருப்ப மாட்டினாரு.

அவரு போனதும், யார்றீ சொன்னாங்க உனக்குன்னு கேக்கறேன். அவ அந்த டம்ளரக் கழுவிக்கினே சொல்றா, கம்பளி முனைய தாடையில இடுக்கிக்கினு மடிச்சான்னு அன்னிக்கே சொன்னியே அக்கா, அப்டி மடிக்கறவரு இந்த ஊருலயே ஒருத்தரு தானேன்னு. அப்புறம் ஏன்டி அத்தன வாரம் சும்மா கேட்டுக்கினு இருந்தன்னேன்.

நீ சொல்ல முடியாம சொல்லிக்கினு இருந்தியே, நான் அழுதா நீ பாதியில நிறுத்திடுவன்னு தான்னா சார்.