வரம்புக்குள் வெர்னா

உங்கள் விசாரணை அறைக் காபி நன்றாகத்தான் இருக்கிறது, மேடம். உட்காரத்தான் முடியவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜூன் மாதத்திலிருந்தே இப்படித்தான், சாப்பாடுகூட நின்றபடிதான்.

எங்கள் மாநிலத்தில் வேட்பாளருக்கு ஒருவர் இவ்வளவுதான் நன்கொடை தரலாம் என்று வரம்பு உண்டு. அந்தப் பணத்துக்குப் பனிக்கால டயர் இரண்டு வரும், நான்கு வராது. வேட்பாளர் யார் என்று முடிவு செய்யக் கட்சிக்குள் நடக்கும் முதல் தேர்தலுக்கு ஒரு தடவை. அது முடிந்த பிறகு பொதுத்தேர்தலுக்கு இன்னொரு தடவை. டுவைட் லிண்ட்குவிஸ்ட் மாநில செனட்டுக்கு நின்றபோது நான்தான் பொருளாளர். "என் பின்னாடி பணக்காரங்க யாரும் இல்ல. வயசானவங்க மனசாரக் கொடுக்குற காசு இது" என்று மேடைக்கு மேடை நெஞ்சில் கை வைத்துச் சொல்வான். கண் கலங்கும். கேமரா திரும்பியதும் காய்ந்துவிடும்.

அந்த வயதானவர்கள் என் பொறுப்பில் இருந்தவர்கள். நாதியற்ற முதியவர்களுக்கு நீதிமன்றம் நியமிக்கும் காப்பாளன் நான். அவர்களுடைய காசோலையில் கையெழுத்துப் போடுவதும் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்வதும் என் வேலை. ஒவ்வொருவர் பெயரிலும் வரம்புவரை டுவைட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் பணம்தான், என் பைக்கு ஒரு சென்ட் வரவில்லை. யாரும் எட்டிப் பார்க்காத ஜீவன்களுக்கு ஜனநாயகத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

அவர்களில் ஒருத்தி வெர்னா ஹால்வர்சன். அவளுக்கு வரவு செலவுதான் மறந்திருந்தது, நாக்கு மழுங்கவில்லை. நுரையீரல் கெட்டுக்கொண்டே வந்தது. ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"கார்ல், காலமெல்லாம் ஸ்கூல் பஸ் ஓட்டுனவ நான். எறங்க வேண்டிய எடம் எனக்குத் தெரியும்பா. மூச்சு நின்னா நிக்கட்டும். குழாய் கிழாய்னு சொருகி வச்சே, செத்தும் விடமாட்டேன். தெனமும் உன் காபியில உப்பப் போடுவேன்."

சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

ஜூனில், முதல் தேர்தலுக்கு முந்தைய வாரம் அவளுக்கு மூச்சு முட்டியது. டாக்டர் என்னைத்தான் கேட்டார். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பொதுத்தேர்தல் நன்கொடையை அதற்குள் கொடுக்க முடியாது. இறந்தவர் பெயரில் எப்போதுமே கொடுக்க முடியாது. குழாயைப் போடுங்கள் என்றேன்.

விழிப்பு வந்ததும் குழாயைப் பிடுங்கப் பார்த்தாளாம். கட்டட்டுமா என்று கேட்டார்கள், சம்மதித்தேன். கட்டிலோடு கட்டினார்கள்; மெத்தென்ற துணிதான். சாயங்காலங்களில் போய் டுவைட்டின் பிரசுரத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வாயில் குழாய் இருந்ததால் மறுப்பு எதுவும் வரவில்லை. என்னையே பார்த்தாள். நர்ஸ் டெஸ் வராந்தாவில் வழிமறித்தாள்.

"சார், அவங்க கண்ணே மூடல. கதவையே பாத்துட்டு கெடக்குறாங்க. யாருக்காக இப்படி இழுத்துப் புடிச்சு வச்சிருக்கீங்க?"

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

முதல் தேர்தலில் டுவைட் ஜெயித்தான். மறுநாள் காலை வெர்னாவின் கட்டில் ஓரத்தில் நின்று காசோலை எழுதினேன். வங்கியில் பணம் ஏறிய பிறகுதான் டாக்டரிடம் குழாயை எடுக்கச் சொன்னேன். மதியத்துக்குள் போய்விட்டாள். பொதுத்தேர்தலில் டுவைட்டை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. மனுத்தாக்கல் முடிந்த மார்ச்சிலேயே அது எனக்குத் தெரியும். வெர்னாவின் பணத்தில் வெற்றி விழாவுக்குப் பலூன் வாங்கினோம்.

ஆமாம், அவளைக் கட்டிவைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். காபி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? முதலில் ஒரு வாய் நீங்கள் குடித்துப் பார்த்துவிட்டுத் தாருங்கள்.

அவளைப் போகவிட்டு, அந்தச் சொற்பத் தொகையை என் பணத்திலிருந்தே கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். என் பங்கைத்தான் வரம்புவரை கொடுத்துவிட்டேனே, மேடம். அதற்குமேல் கொடுத்தால் சட்டத்தை மீறியவன் ஆகிவிட மாட்டேனா?