மேல் கட்டத்தில் எழுதிய பெயர்

23.11.1958, ஞாயிறு. ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு முடிந்து ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும்போது, விளக்கு எரியாத சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்ததற்காகக் கான்ஸ்டபிள் குத்புதீன் என்னைப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால், என் மேல் போட வேண்டிய வழக்குப் பாரத்தை என்னையே எழுதச் சொன்னார். கடிதத்தில் பெரியவர் பெயர் மேலே வர வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் பெயரை மேல் கட்டத்திலும் என் பெயரைக் கீழ்க் கட்டத்திலும் எழுதிவிட்டேன். மேல் கட்டம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. கீழ்க் கட்டம் புகார் கொடுப்பவருக்கு. நேற்று அவருக்கே சம்மன் வந்துவிட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள். இன்று பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் அவர் மனைவி சுராயா அம்மாளும் நானும் பேசியதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன். ஓரிரு சொற்கள் மாறியிருக்கலாம்.

— சிரிக்காத சுராயா. அந்தத் தம்பி இவன்தான்.

— சிரிக்காம என்னங்க செய்யறது? இருபத்திரண்டு வருஷமா ஊரையே பிடிச்சவரை ஒரே பாரத்துல பிடிச்சுப் போட்டுடுச்சே இந்தப் புள்ள. உக்காருப்பா. பேரு என்ன?

— அருள்நாதனுங்கம்மா. சார், என்னை மன்னிச்சுக்கணும். வேணும்னு எழுதல.

— மன்னிப்பு கெடக்கட்டும் தம்பி. எனக்குக் கண்ணாடி இல்ல, படிக்காம கையெழுத்துப் போட்டேன். ஸ்டேஷன் ரைட்டருக்குக் கண்ணாடி இருந்துச்சு, அவரும் படிக்கல. ஆகக்கூடி மூணு பேரும் சேர்ந்து என்னைக் கூண்டுல ஏத்திட்டோம்.

— இன்ஸ்பெக்டர் கோவிச்சுக்கிட்டாரா சார்?

— முதல்ல சிரிச்சாரு. அப்புறம், புதன்கிழமை ஏட்டுப் பிரமோஷன் லிஸ்டு மேலிடத்துக்குப் போகுது, உன் பேர் அதுல இருக்கு, உன் மேலயே கேஸ் இருந்தா எப்படி அனுப்புவேன்னாரு. நாளைக்குக் கோர்ட்டுல சரி பண்ணிட்டு வந்தா பேர் நிக்கும். இல்லன்னா அடிச்சுடுவாரு.

— நான் சட்டையில ஏட்டுப் பட்டை தைக்க ஊசியில நூலே கோத்து வெச்சுட்டேன்ப்பா.

— அதுக்குத்தாங்கம்மா வந்தேன். நாளைக்கு நானே வந்து மாஜிஸ்ட்ரேட்கிட்ட சொல்லிடறேன். நான் சொன்னா நம்புவாரோ என்னமோன்னு டைரியும் கொண்டாந்திருக்கேன். அன்னிக்கி நடந்ததை நேரப்படி எழுதி வெச்சிருக்கேன் சார்.

— நேரப்படியா? எங்க ரைட்டர்கூட அப்படி எழுத மாட்டாரு. படி, கேப்போம்.

— ‘ஏழு இருபது: பாலத்தில் பெருங்காற்று. பின்னாலிருந்து விசில். ஏழு இருபத்தைந்து: பாலம் தாண்டி விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினேன். கான்ஸ்டபிளும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. விளக்கு ஏன் எரியவில்லை என்றார். எண்ணெய் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை.’

— மூச்சு வாங்கினதையெல்லாமா எழுதுவாங்க? சரி, மேல படி.

— ‘ஏழரை: நோட்டை அவர் சைக்கிள் விளக்கின் தலையில் வைத்து, அதன் மேல் பாரத்தை வைத்து எழுதினேன். பத்து நிமிடம் ஆயிற்று. எழுத்து அழகாக வந்தது.’

— கொஞ்சம் நில்லுப்பா. எதுமேல நோட்டை வெச்ச?

— சார் சைக்கிள் விளக்குத் தலையிலங்கம்மா.

— இந்த விரலைப் பாரு. போன வாரம் அந்த விளக்கு எரியறப்ப தெரியாம தொட்டுட்டேன். கொப்புளம் இன்னும் ஆறல. நீ பத்து நிமிஷம் நோட்டு வெச்சு எழுதினேங்கற. நோட்டைக் காட்டு, கருகியிருக்கா?

— இல்லங்கம்மா. சூடுகூடத் தெரியல.

— என்னங்க, அன்னிக்கி உங்க விளக்கு எரிஞ்சுதா இல்லையா?

— கிளம்பும்போது ஏத்தினேன் சுராயா. அல்லா அறிய ஏத்தினேன். இவனைத் துரத்திக்கிட்டு வந்தப்ப பாலத்துக் காத்துல அணைஞ்சிருக்கு. கம்பத்து வெளிச்சத்துல நான் கவனிக்கல.

— சார், இந்த ஒரு வரியை அடிச்சுடட்டுமா? இதை நான் எழுதியிருக்கவே வேண்டாம்.

— பேனாவை மூடு தம்பி. அந்தப் பாலத்துல ‘காத்துல அணைஞ்சுடுச்சு சார்’னு எத்தனை பேர் என்கிட்ட சொல்லியிருப்பாங்க? ஒருத்தரையும் நான் நம்பினதில்ல. போன மாசம் லால்குடிப் பால்காரர் ஒருத்தர், விளக்கைத் தொட்டுப் பாருங்க சார், இன்னும் சுடுதுன்னாரு. நான் தொட்டுக்கூடப் பாக்கல. கேஸ் எழுதிட்டேன். நாளைக்குக் கோர்ட்டுல என் குத்தத்தை ஒத்துக்கறேன்.

— அப்ப ஏட்டுப் பட்டை?

— ஊசியில நூல் அப்படியே இருக்கட்டும். அடுத்த லிஸ்டு ஆறு மாசத்துல வரும்.

— அதுக்குள்ள உங்க சட்டை கிழிஞ்சுடும். அந்த நூலு அதைத் தைக்கவாவது ஆகும். குத்தவாளிங்க ரெண்டு பேரும் முதல்ல டீயைக் குடிங்க, ஆறிடப் போவுது.

— ரெண்டு பேரா? கேளு தம்பி, உன்னைச் சொல்றா.

— தெரியுது சார். நாளைக்கு நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க. எழுதி வெச்சுக்கறேன்.

நாளை, திங்கள்: காலையில் மண்ணெண்ணெய் வாங்கி விளக்கில் ஊற்ற வேண்டும். பத்து மணிக்குக் கோர்ட். முதல் பாரத்தைத் திருத்த வேண்டாம். இரண்டாவது பாரம் ஒன்று எழுத வேண்டும். அதில் மேல் கட்டத்தில் என் பெயர்.